பத்திரச் சொற்களும் நம் நிலமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே வழக்கம். ஆயினும் விழாக் குழுவினர் எம்மிடம், சொத்துச் சட்டத்தில் வழங்கும் அயல்மொழிச் சொற்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். இலத்தீன் மொழிக்கும் நம் சேரிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நம்மவர் ஒருவரைக் கண்டோம். வயது எழுபதுக்கு மேல். கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாள். எம்முடன் வந்திருந்த இளம் வழக்கறிஞரிடம் அதை நீட்டி, "தம்பி, என் நிலத்தை எக்ஸ் பார்ட்டிக்குத் தீர்ப்பு ஆக்கிட்டாங்களாம். அது எந்தக் கட்சி தம்பி? யாரைப் போய்ப் பார்க்கணும்?" என்று கேட்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. "எக்ஸ் பார்த்தே" என்பது இலத்தீன். "ஒரு பக்கத்திலிருந்து" என்பது பொருள். எதிராளி வராததால் ஒருவர் சொன்னதை மட்டுமே கேட்டு வழங்கிய தீர்ப்பு அது. அழைப்பாணை முறையாகக் கிடைக்கவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். அப்பெரியவரோ அந்தச் சொல்லின் பொருள் தேடியே பதினெட்டு நாட்களைச் செலவிட்டுவிட்டார்.

நம் நில ஆவணங்களில் மூன்று அடுக்குச் சொற்கள் படிந்துள்ளன. அடியில் கிடப்பவை நம் மண்ணின் சொற்கள்: அடங்கல், புறம்போக்கு, தரிசு, ஒத்தி. அவற்றின் மேல் நவாபு ஆட்சிக் காலத்து அரபு, பாரசீகச் சொற்கள்: தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, வக்கீல், இனாம், மிராசு. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளையர் நீதிமன்றத்தோடு வந்த ஆங்கிலமும், அதன் வயிற்றுக்குள் இருக்கும் இலத்தீனும். ஒவ்வோர் ஆட்சியும் வரி வாங்கப் புதுச் சொல்லைக் கொண்டுவந்தது. பழைய சொல்லை எடுத்துக்கொண்டு போகவில்லை. கிரயம், போக்கியம் முதலிய வடசொற்களும் இடையிடையே உண்டு. ஒரே பத்திரத்தில் இத்தனை மொழி இருந்தால், கைநாட்டு வைக்கிறவன் எதற்கு வைக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

உரோமானியரின் பழைய சட்டத்தில் "ரெஸ் மான்சிபி" என்றொரு சொத்து வகை இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட அறிஞர் அதில் எவை அடங்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். இத்தாலிய மண்ணின் நிலம், ஏரில் பூட்டும் எருது, குதிரை, கழுதை, அவற்றோடு அடிமைகள். மனிதனை எருதோடு சேர்த்து ஒரே பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். "மானுஸ்" என்றால் கை. கையால் பிடித்து உரிமை கொள்ளும் பொருள் என்பதே "மான்சிபியம்" என்ற சொல்லின் கருத்து. அந்தக் கையிலிருந்து விடுபடுவதே "எமான்சிபேஷன்". நம் இளைஞர்கள் சுவரொட்டிகளில் விடுதலை என்று எழுதுகிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் ஒன்றின் பிறப்பு இதுதான்.

உரோமாபுரியைப் பழித்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. இந்நாட்டிலும் ஆளை விற்கும் ஓலைகள் எழுதப்பட்டன. நிலம் கைமாறியபோது அந்நிலத்தில் உழைத்த நம் முன்னோரும் கைமாறினர். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்த பிறகே, அடிமை என்ற சொத்துரிமையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக்கூடாது என்றாயிற்று. சட்டம் அடிமையைச் சொத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. சொத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. விடுபட்டவன் நின்ற இடமும் மிராசுதாரருடையதாகவே இருந்தது.

அங்கேதான் இரண்டாவது சொல் வருகிறது. இன்று நாம் பேச வந்ததன் நடுப்பகுதி இதுவே. ஆதலால் சற்று நின்று பேச அனுமதியுங்கள்.

உரோமானியச் சட்டத்தில் "பிரிகாரியம்" என்றொரு முறை உண்டு. நிலமுடையவன் தன் தயவால் ஒருவனை ஓரிடத்தில் இருக்க விடுவான். வேண்டாமென்றால் அக்கணமே எழுப்பிவிடுவான். இருந்தவனுக்குக் கேட்க உரிமையில்லை. "பிரிகாரி" என்றால் இரப்பது, மன்றாடுவது. ஆக, இரந்து பெற்றது பிரிகாரியம். ஆங்கிலத்தில் இன்று "பிரிகேரியஸ்" என்றால் நிலையற்றது, எப்போது விழுமோ என்ற நிலையில் உள்ளது என்று பொருள். பிறர் தயவில் இருப்பதன் பெயரே நிலையின்மையின் பெயராகிவிட்டது.

1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அவர்கள், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் இதே நிலையைத்தான் காட்டினார். குடிசை நின்ற மனையும் மிராசுதாரருக்கு உரியது என்றார்கள். வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். ஓலக்கூரைத் தாண்டினால் அச்சிறுபாக்கம். அது அன்றைய செங்கற்பட்டு மாவட்டம். எல்லைக்கு இப்பால் இருந்த நம் பாட்டன்மாருக்கும் அந்த வாழ்வு புதிதன்று. 1971இல் தமிழ்நாடு அரசு குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றி, பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அம்மனையின் உரிமையைக் கொடுத்தது. இரந்து இருந்த இடம் உரிய இடமாயிற்று. அச்சட்டத்தின்கீழ் வந்த தாள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

அந்த இலத்தீன் சொல் இன்றும் நம்மை எப்படிக் கடிக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஒருவருடைய மல்லாட்டைக் கொல்லையின் ஓரமாகச் செல்கிறது. மூன்று தலைமுறை அவ்வழியேதான் பிணம் தூக்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் வரப்பு உடைந்து மனத்தாங்கல் ஏற்பட்டது. நம் பெரியவர்கள், சண்டை வேண்டாம் என்று, "தாங்கள் தயவு செய்து எங்களை இவ்வழியே போக அனுமதிக்க வேண்டும்" என்று ஒரு விண்ணப்பம் எழுதி, நாற்பது பேர் கையொப்பமும் கைநாட்டும் வைத்துக் கொடுத்தார்கள். அனுமதியும் கிடைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் முள்வேலி போட்டார். வழக்கு வந்தபோது எதிர்த் தரப்பு முதலில் நீட்டிய ஆவணம் அந்த விண்ணப்பம்தான்.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவில், ஒரு வழியை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, உரிமையோடு, இடையறாது பயன்படுத்தியவனுக்கு அவ்வழி உரிமையாகும் என்கிறது. அரசு நிலமானால் 30 ஆண்டுகள். இதன் வேர் மூன்று இலத்தீன் சொற்றொடர்கள்: "நெக் வி, நெக் கிளாம், நெக் பிரிகாரியோ". வன்முறையால் அன்று, மறைவாக அன்று, இரந்தும் அன்று. நம் மக்கள் வன்முறை செய்யவில்லை. பிணத்தை ஒளித்துத் தூக்கவும் முடியாது. மூன்றாவதில் மாட்டிக்கொண்டார்கள். பணிவாக எழுதிய ஒரு தாள், மூன்று தலைமுறை நடந்த நடையைத் தயவு ஆக்கிவிடப் பார்த்தது. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு வழக்காற்று வழியிலான உரிமையையும் ஏற்கிறது. சுடுகாட்டுப் பாதைக்கு அதுவும் கைகொடுக்கும். ஆகவே, பாதைக்காக மனு எழுத நேர்ந்தால் வட்டாட்சியருக்கு எழுதுங்கள். "அனுமதி தாருங்கள்" என்று எழுதாமல், "எங்கள் வழியை மறிக்கிறார்கள், தடையை நீக்குங்கள்" என்று எழுதுங்கள். பணிவு நல்ல குணந்தான். பத்திரத்தில் அதற்கு விலை உண்டு.

அடுத்தது "யூசுஃப்ரக்ட்". "ஊசுஸ்" என்றால் பயன்படுத்தல். "ஃப்ருக்துஸ்" என்றால் கனி, விளைவு. மரம் பிறருடையது, கனி நம்முடையது என்ற உரிமை. இது நமக்குப் புதிதே அன்று. திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதிலிருந்து வந்தது என்பார்கள். புறம்போக்கில் நிற்கும் புளிய மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க 2சி பட்டா கொடுக்கிறார்களே, அது வேறென்ன? பத்திரத்தில் வரும் போக்கியமும் இதுவே. சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் இதனை ஓர் அடமான வகையாகவே கூறுகிறது: கடன் கொடுத்தவன் நிலத்தைக் கையில் வைத்து விளைச்சலை அனுபவிப்பான், நிலம் கடன் வாங்கியவனுடையதே.

பாட்டன் காலத்தில் போக்கியம் வைத்த நிலம், காலம் கடந்துவிட்டதால் போய்விட்டது என்று பலர் கைவிட்டிருக்கிறார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சிங் ராம் வழக்கில் தெளிவாகச் சொன்னது: போக்கிய அடமானத்தில், பத்திரம் எழுதிய நாளிலிருந்து 30 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதாலேயே மீட்கும் உரிமை அழியாது, கடன் தொகை அனுபவத்தில் கழிந்தபோதோ, செலுத்தப்பட்டபோதோதான் கால வரம்பு தொடங்கும். ஆனால் ஒன்று. பேச்சு போக்கியமாக இருந்து எழுத்து கிரயமாக இருந்தால் இத்தீர்ப்பு எளிதில் உதவாது. "போக்கியம்னு சொல்லித்தான் கைநாட்டு வாங்கினாங்க" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று அன்று திண்ணையில் இருந்திருந்தால் போதும்.

இனிப் பஞ்சமி நிலம். திரமென்ஹீர் காலத்தில் தரிசு கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்திற்குத் தர்க்காஸ்து என்று பெயர், பாரசீகச் சொல். நம்மவர் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாரர் முன்னுரிமை கோரித் தடுத்துவிடுவார். மிராசு என்பது அரபு மொழியில் வாரிசுரிமை. அவருடைய அறிக்கையின் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்தது 1010ஆம் எண் அரசாணை. நம் விழுப்புரம் மாவட்டம் பிறந்ததும் 1993இல் அதே செப்டம்பர் 30. அந்த ஆணைவழி ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கிய நிலத்தைப் பத்து ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றலாம்; மீறினால் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

செல்லாது என்பதற்கு நீதிமன்றத்தில் "அப் இனிஷியோ" என்று சேர்ப்பார்கள்: தொடக்கத்திலிருந்தே. நேற்றுவரை செல்லுபடியாகி இன்று கெட்டது அன்று. பிறக்கவே இல்லை என்று பொருள். முதல் கிரயம் பிறக்கவில்லையானால் அதன் மேல் எழுதிய பத்துக் கிரயங்களின் கதி என்ன? "நெமோ தாத் குவோத் நோன் ஹபேத்": தன்னிடம் இல்லாததை எவனும் கொடுக்க முடியாது. ஐந்தாம் கையாக மனை வாங்கியவர் "போனா ஃபிதே", அதாவது நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்பார். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும்; ஏமாந்த ஏழைகளும் அவர்களில் உண்டு. ஆயினும் சட்டம் கேட்கும் நல்லெண்ணம் கண்ணை மூடிக்கொள்ளும் நல்லெண்ணம் அன்று; விசாரித்து வாங்கினாயா என்று கேட்கும். சென்னை உயர் நீதிமன்றமும் இந்நிபந்தனையை மீறிய மாற்றங்கள் செல்லா என்று தீர்ப்பளித்திருக்கிறது.

இந்நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது புது நிலம் அன்று. 102 ஆண்டுகளுக்கு முன் அரசே எழுதிக் கொடுத்தது.

1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது. அதன்பின் நில ஏடுகள் புதுப்பிக்கப்பட்டபோது, பழைய "அ" பதிவேட்டில் இருந்த ஒடுக்கப்பட்டோர் நிலம் என்ற குறிப்பு புதிய ஏட்டில் ஏறவில்லை என்ற முறையீடு பல ஊர்களில் உண்டு. ஆகவே கணினிப் பட்டாவை மட்டும் பார்த்து அமைந்துவிடாதீர்கள். பழைய பதிவேட்டின் நகலை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். புல எண் வாரியாக இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜமாபந்தி நாளில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்பீர்கள். பன்னிரண்டு நாட்கள் மிச்சமிருந்தன. பதினோராம் நாள் மனுத் தாக்கலாயிற்று. ஒருதலைத் தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்கு மீண்டும் கோப்பில் ஏறியது. இப்போது இரு பக்கமும் கேட்கிறார்கள். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேத்தியை உடன் அழைத்து வருகிறார். தாளை அவள்தான் படிக்கிறாள்.

பிற்பகல் உணவுக்குப் பின் நூலக அறையில் நம் வழக்கறிஞர் தம்பிகள் இருவர் அமர்ந்திருப்பார்கள். பத்திரம், பட்டா, பழைய தாள் எது கொண்டுவந்திருந்தாலும் காட்டுங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுப் போக வேண்டாம்.