பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே

(சுங்குவார்சத்திரத்தில் மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுங்குவார்சத்திரம் என்றால் வெளியுலகத்துக்கு இன்று தெரிவது தொழிற்சாலைகளும் போராட்டங்களும்தான். 2021 டிசம்பரில் விடுதியில் போட்ட கெட்டுப்போன சாப்பாட்டை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொருத்தமில்லாமல் தோன்றலாம். ஆனால் ஷிப்டு முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிற தோழர்களின் தம்பி தங்கைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அவர்களில் சிலர் முனைவர் பட்டம் வரை போவார்கள். அதற்குப் பிறகு என்ன என்று சொல்வதற்கு நம் தெருக்களில் ஆள் இல்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நானும் இந்தத் தாலுகாக்காரிதான். டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் நின்றேன். அதற்குப் பிறகுதான் பி.ஏ., எம்.ஏ., எல்லாம் வரலாறு. முனைவர் பட்டம் கைக்கு வந்தபோது எனக்கு வயது 34. பட்டம் வந்தது, உதவித்தொகை நின்றது. "டாக்டர் ஆயிட்டியே, வேலை எப்போ?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் என்னிடம் மட்டும் இல்லை.

முனைவர் பட்டம் வாங்கினால் நேரே பேராசிரியர் என்ற காலம் போய்விட்டது. பட்டத்துக்கும் நிரந்தரப் பணிக்கும் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் இருந்து தனியாக ஆய்வு செய்து, கட்டுரைகள் வெளியிட்டு, நூல் எழுதிப் பெயர் வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் முனைவர் பட்ட மேலாய்வு. பேச்சு வழக்கில் போஸ்ட்டாக் என்பார்கள். இது இன்னொரு பட்டம் இல்லை. சம்பளம் போல உதவித்தொகை வரும், ஆய்வு செய்ய நேரம் கிடைக்கும். அறிவியலில் இது இல்லாமல் பெரிய நிறுவனங்களின் வாசலையே மிதிக்க முடியாது. மானுடவியல், வரலாறு, சமூகவியல் துறைகளிலும் நிலைமை அப்படித்தான் மாறி வருகிறது.

இந்த இடத்தில் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை என்று தொடங்கிய திட்டத்தில், பட்டியல் சாதியினர் முனைவர் பட்டம் படிக்க ஆண்டுக்கு 2,000 பேருக்கு இடம் இருந்தது. அது போராடிப் பெற்ற உரிமை. அதன் வழியாகத்தான் நம்மில் பலர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தோம். அதே பல்கலைக்கழக மானியக்குழு மேலாய்வுக்கு வைத்திருந்த இடம் எவ்வளவு? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 100. உள்ளே வர 2,000 பேருக்கு வாசல், மேலே ஏற 100 பேருக்குப் படி. 2022 செப்டம்பரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் 900 இடங்களுக்கு மேலாய்வுத் திட்டம் அறிவித்தார்கள். மாதம் 50,000 ரூபாய். அந்த 900இல் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அதே 2022இன் டிசம்பரில் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்திவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள்.

மேலாய்வு கிடைக்காதவர் அந்த இடைப்பட்ட ஆண்டுகளை எப்படிக் கழிக்கிறார்? வீட்டில் நிலமும் வாடகை வருமானமும் இருப்பவர் கட்டுரை எழுதிக்கொண்டு காத்திருப்பார். நம்மவர் கௌரவ விரிவுரையாளராகப் போவார். பெயரில்தான் கௌரவம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக 20,000 ரூபாய், பிறகு 25,000 ஆனது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். இத்தகைய விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019இலேயே சொல்லிவிட்டது. காலையிலிருந்து வகுப்பு, மாலையில் விடைத்தாள். இதில் கட்டுரை எப்போது எழுதுவது? நேர்காணலில் மட்டும் "வெளியீடுகள் குறைவாக இருக்கிறதே" என்று கேட்பார்கள். பிறகு அந்த இடத்துக்குத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் நேரத்தைப் பறித்துவிட்டு, ஒரே நாளில் தகுதியில்லை என்று முத்திரை குத்துவது இப்படித்தான் நடக்கிறது.

தோழர்களே, இந்த இடைவெளி அண்ணல் அம்பேத்கரையே நிறுத்திப் பார்த்தது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை முடிந்தது. ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பத்தாண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்ததால் பரோடா போனார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். அன்றே உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு நேர்ந்தது இது. பிறகு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகராஜின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர்த்து 1920இல் மீண்டும் லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி.

இதில் நாம் அதிகம் பேசாத ஒரு செய்தி இருக்கிறது. 1917இல் அவர் கிளம்பியபோது, நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டனில் அனுமதி கொடுத்திருந்தார்கள். பணமில்லாமல் போனவருக்காக ஒரு நிறுவனம் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது. அந்த அனுமதி இல்லையென்றால் ரூபாயின் சிக்கலைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற ஆய்வு எப்போது, எப்படி முடிந்திருக்கும்? நமக்கும் வேண்டியது இந்த இரண்டும்தான்: பணம், கால அவகாசம். ஒரு மன்னர், ஒரு நண்பர் என்று அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு சமூகத்தின் அறிவு வளர்ச்சியை விட முடியாது. அதைத் திட்டமாக, சட்டமாக ஆக்க வேண்டும்.

உதவித்தொகை என்றால் புத்தகச் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் அது அரிசி, மருந்து, வட்டி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை 2015 ஜூலையில் நின்றது. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். ஏழு மாத நிலுவையைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கடைசியாக எழுதிவைத்தார். உதவித்தொகை தாமதமாவதை அலுவலகச் சிக்கல் என்று யாராவது சொன்னால், இதை நினைவுபடுத்துங்கள்.

எதை ஆய்வு செய்யலாம் என்பதிலும் கை வைக்கிறார்கள். என் ஆய்வு பஞ்சமி நிலம் பற்றியது. இந்த மண்ணோடு சேர்ந்த வரலாறு அது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892இல் நிலம் வழங்கும் ஆணை வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் திருப்பெரும்புதூர்ப் பகுதியும் அடக்கம். அந்த நிலங்களைக் கேட்டு 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில்தான் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். இதற்கான ஆவணங்களில் பாதி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் என்றால், மீதியைத் தேடி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்று 2022இல் விதி போட்டார்கள். அது முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்குமான திட்டம். மேலாய்வுக்கு முந்தைய படி. அந்தப் படியிலேயே, உன் பாட்டன் நிலம் எங்கே போனது என்று கேட்காதே என்கிறார்கள்.

சரி, இவையெல்லாம் தாண்டி மேலாய்வு முடித்தவருக்குப் பணியில் ஒதுக்கீடு உண்டா? 13 புள்ளி ரோஸ்டரை எதிர்த்துப் போராடி 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் இட ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவர வைத்தோம். அந்தச் சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் உள்ள உயர் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தாது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் அங்கங்களும் அதில் வருகின்றன. அந்த அங்கங்களில் இரண்டு, நம் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும். இங்கிருந்து பேருந்து ஏறிப் போய்வரும் தூரம்தான். ஆசிரியர் பணிக்கான ஒதுக்கீடு மட்டும் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

அதனால் விண்ணப்பிக்காமல் இருந்துவிடலாமா? கூடாது. ஆராய்ச்சி மாணவர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள் சொல்கிறேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே தேடத் தொடங்குங்கள். பெரும்பாலான திட்டங்களில் உங்களை ஏற்றுக்கொள்ளும் பேராசிரியர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, அதில் உங்கள் கேள்வி எங்கே சேருகிறது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் ஒன்றிரண்டு பதில் வந்தாலே பெரிது. பதில் வராததற்காக உங்களைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆய்வுத் திட்டம் என்பது ஆய்வேட்டின் சுருக்கம் இல்லை. புதிய கேள்வி, அதை ஏன் அந்த நிறுவனத்தில் செய்ய வேண்டும், எந்த மாதத்தில் என்ன முடியும், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்தான் சாதி வேலை செய்கிற இடம். மூடிய உறையில் என்ன எழுதுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் கடிதம் கேட்டபோது ஒரு பேராசிரியர், "உங்களுக்குத்தான் கோட்டா இருக்கே, என் கடிதம் எதுக்கும்மா?" என்றார். நான் விண்ணப்பித்தது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே என் சாதிச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார். எனவே நெறியாளர் ஒருவரையே நம்பி இருக்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்த வெளித்தேர்வாளர் இருக்கிறார். கருத்தரங்கில் உங்கள் கட்டுரையைக் கேட்டுக் கேள்வி கேட்டவர் இருப்பார். வாய்மொழித் தேர்வு முடிந்த வாரமே அவர்களுக்கு எழுதுங்கள்.

கால வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல் துறைகளுக்கான தேசிய மேலாய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.  ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி மேலாய்வுக்கு வயது வரம்பே இல்லை. பட்டத்துக்குப் பிறகு எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம்தான் எல்லை. ஆராய்ச்சிக்கு வெளியே வேலை பார்த்த ஆண்டுகளும், குழந்தை வளர்ப்பதற்காக நின்ற ஆண்டுகளும் அந்தக் கணக்கில் வராது. பட்டத்துக்குப் பிறகு குடும்பத்துக்காகக் கம்பெனி வேலைக்குப் போனவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிராகரித்தாலும் மதிப்பீட்டு அறிக்கை அனுப்புவார்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அதுவே பாடம்.

தனியாகச் செய்யாதீர்கள். ஒருவர் எழுதியதை நான்கு பேர் படித்துத் திருத்துங்கள். வேலையில் இருப்பவர்கள் விண்ணப்பச் செலவையும் விசாச் செலவையும் பகிர்ந்துகொள்ளுங்கள். பத்தேனா செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்யலாம்.

அதோடு அரசிடம் கேட்க வேண்டியதையும் விடக்கூடாது. தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கு, யுஜிசி தரும் தொகைக்குக் குறையாமல், போதிய எண்ணிக்கையில் மேலாய்வு உதவித்தொகை வழங்க வேண்டும். அது மாதம் தவறாமல் வர வேண்டும். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்து, தேர்வு தள்ளிப்போனதே, அதுபோல இனி இழுத்தடிக்காமல் காலியிடங்களை நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வேண்டும். 2019 சட்டத்தின் அட்டவணையை நீக்க வேண்டும்.

இந்த ஆண்டு நான் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டில் இல்லை என்று வந்துவிட்டது. மூன்றாவதற்குக் காத்திருக்கிறேன். அது வந்தாலும் வராவிட்டாலும், என் விண்ணப்பங்கள், மதிப்பீட்டு அறிக்கைகள் எல்லாவற்றையும் உங்களில் யார் கேட்டாலும் தருவேன். அடுத்து விண்ணப்பிக்கிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.