நொடியும் நானோ நொடியும்

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

காலையிலிருந்து வாழ்த்துரைகள் பல கேட்டீர்கள். எனக்கு இட்ட பணி வேறு. காலத்தின் அளவுகளை நானோ நொடியாக மாற்றும் கணக்கை மாணவர்களுக்கு விளக்குமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். கணக்கும் அறிவியலும் நம் பிள்ளைகளுக்கு எட்டாக் கனி என்று பேசியவர்களை இங்குள்ள முதியவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களுக்கு மறுமொழி கூறிக் காலத்தைப் போக்க நான் விரும்பவில்லை. கரும்பலகைக்குச் செல்வோம்.

'நானோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குள்ளன் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'நானோ' என்னும் முன்னொட்டு, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிப்பதாக 1960ஆம் ஆண்டில் அனைத்துலக அளவை முறையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே ஒரு நொடிக்கு 100 கோடி நானோ நொடிகள். ஒன்றை எழுதி ஒன்பது சுழிகளை இடுக. மில்லி நொடிக்கு ஆறு சுழி, மைக்ரோ நொடிக்கு மூன்று சுழி. ஒரு நிமிடத்திற்கு 6,000 கோடி. ஒரு மணிக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம் கோடி. 24 நிமிடம் கொண்ட நம் நாழிகைக்கு 1 இலட்சத்து 44 ஆயிரம் கோடி. நூல்களில் 'பில்லியன்' என்று காணும் இடத்தில் 100 கோடி என்று கொள்க. மாணவர் பலர் வழுக்கி விழும் இடம் இதுவே.

சுழிகளை எண்ணுவதால் மட்டும் இதன் சிறுமை மனத்தில் பதியாது. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளை நொடிகளாக மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 78 கோடியே 90 இலட்சம் நொடிகள் வரும். இந்தக் கால் நூற்றாண்டில் கடந்த நொடிகளைக் காட்டிலும், ஒரே ஒரு நொடிக்குள் அடங்கிய நானோ நொடிகள் மிகுதி! இரண்டும் சமமாவதற்கு இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சங்கம் பணியாற்ற வேண்டும். ஆற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணிப்பொறி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், தம் சொற்பொழிவுகளுக்குக் கம்பித் துண்டுகளைக் கட்டாகக் கொண்டு செல்வார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோ நொடியில் செல்லும் தொலைவு அதுதான். கேட்போர் கையில் அதனைக் கொடுத்து, "இதுவே நானோ நொடி" என்பார். மைக்ரோ நொடியைக் காட்ட வேண்டுமாயின் ஏறக்குறைய 300 மீட்டர் கம்பிச் சுருளையே தூக்கிக் காட்டுவார். இதனினும் எளிய பாடக் கருவியை நான் கண்டதில்லை.

இவ்வளவு சிறிய அளவால் யாருக்கு என்ன நேர்ந்துவிடும் என்று நீங்கள் வினவலாம். அதற்கு ஒரு துயர நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், வரும் ஏவுகணைகளை இடைமறித்து வீழ்த்துவதற்கான பேட்ரியட் என்னும் கருவியை அமெரிக்கப் படை நிறுத்தியிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை ஓர் அலகாகக் கொண்டு முழு எண்ணாக எண்ணிவரும். அவ்வெண்ணை நொடியாக மாற்றப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும். நமக்கு அது 0.1, அத்துடன் முடிந்தது. கணிப்பொறியோ ஒன்றையும் சுழியையும் மட்டுமே கொண்டு எழுதுவது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவின்றி எழுதுவது போல, பத்தில் ஒன்று அதற்கு முடிவில்லா எண். அக்கருவியில் 24 இலக்கங்களுக்கே இடம் இருந்தது, எஞ்சியவை வெட்டப்பட்டன. அதனால் ஒவ்வோர் அலகிலும் விடுபட்டது ஏறத்தாழ 95 நானோ நொடி.

100 மணி நேரம் கருவி இடைவிடாது இயங்கியது. பத்தில் ஒரு நொடி அலகுகள் 36 இலட்சம். அதனை 95ஆல் பெருக்குங்கள், மாணவர்களே! 34 கோடியே 20 இலட்சம் நானோ நொடி. அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல். அந்நேரத்திற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். கருவி வானில் தவறான இடத்தைப் பார்த்தது. அங்கு ஒன்றும் காணாமையால் வாளாவிருந்தது. பிப்ரவரி 25ஆம் நாள் ஏவுகணை படைவீரர் தங்கிய குடியிருப்பின்மீது விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர்.

என் மனத்தை மிகவும் வருத்துவது அடுத்த செய்தி. இக்குறை முன்னரே தெரிந்திருந்தது. மிக நீண்ட நேரம் இயக்கினால் பிழை நேரும் என்று பிப்ரவரி 21ஆம் நாளே படையினருக்குச் செய்தி அனுப்பப்பட்டது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி? அதனை அச்செய்தி கூறவில்லை. கருவியை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் கணக்குச் சுழியிலிருந்து தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு நிமிட அளவே போதும். எத்தனை மணிக்கு ஒருமுறை நிறுத்துவது என்று ஓர் எண் மட்டும் அவர்களுக்குத் தேவையாயிருந்தது. திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்த நாள் பிப்ரவரி 26.

இக்காலக் கணிப்பொறி நிரல்கள் பலவும் நேரத்தைப் பின்னமாக வைக்காமல், நானோ நொடிகளின் முழு எண்ணிக்கையாகவே வைக்கின்றன. வெட்டுவதற்குப் பின்னம் இல்லை அல்லவா? ஆயினும் இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குறியுடன் கூடிய 32 இலக்க இடத்தில் இரண்டு நொடிக்குச் சற்று மேல் வரையிலான நானோ நொடிகளே அடங்கும். 64 இலக்கமாயின் 292 ஆண்டுகள் தாங்கும். 1970 சனவரி முதல் நாளிலிருந்து எண்ணிவரும் அத்தகைய கணக்கு 2262ஆம் ஆண்டில் நிரம்பிவிடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எத்தனை நானோ நொடி என்பதை நான் பலகையில் எழுதாமல் விட்டிருக்கிறேன். லீப் ஆண்டுகளை மறவாமல் மாணவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்கவும்.