திடீரென அணையும் கணினி: பழி யார் மீது?



இரவு பதினொரு மணி. பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். திடீரென்று திரை இருண்டுவிடுகிறது. வீட்டில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுழல்கிறது. மேசைக் கணினி மட்டும் அணைந்து கிடக்கிறது. "வைரஸ் புகுந்துவிட்டது" என்கிறான் அண்ணன். "பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்கிறார் அப்பா. மறுநாள் கடைக்குத் தூக்கிச் சென்றால், "மதர்போர்டு போய்விட்டது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு. மலேசியத் தமிழர் வீடு எதிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால் இந்த மூன்று தீர்ப்புகளில் ஒன்றுகூட சோதித்துப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல.

கணினி மீண்டும் உயிர் பெற்றால், முதலில் செய்ய வேண்டியது பழுது பார்ப்பதல்ல. இடுபணி, குடும்பப் படங்கள், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றை விரலியிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுத்துவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் அந்தக் கோப்பே சிதையலாம். அடுத்த முறை எது சிதையும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் பிறகு, கணினி எப்படி அணைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "விண்டோஸ் மூடப்படுகிறது" என்ற அறிவிப்போடு ஒழுங்காக அணைந்தால் அது மென்பொருளின் வேலை. தானியங்கிப் புதுப்பிப்பாகக்கூட இருக்கலாம். நீலத் திரை தோன்றி மறுபடி தொடங்கினால் நினைவகமோ இயக்கி மென்பொருளோ காரணமாகலாம். செருகியைப் பிடுங்கியதுபோல் நொடியில் அணைந்தால், வெப்பம் அல்லது மின்சாரம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோசின் 'ஈவென்ட் வியூவர்' பதிவேட்டில் அப்போது 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பு இருக்கும். அதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; ஏன் என்பதைச் சொல்வதில்லை.

வைரசா இல்லையா என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. கணினியைத் தொடக்கி, விண்டோசுக்குள் போகாமல் 'பயாஸ்' திரையிலேயே அரை மணி நேரம் விட்டு வைப்பது. அங்கும் அணைந்துவிட்டால், அண்ணனின் வைரஸ் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிடலாம். அணையாவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவு கட்டக்கூடாது; அங்கே செயலிக்கு அதிக வேலை இல்லை.

அதே பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையைப் பெரும்பாலும் காணலாம். வேலை எதுவும் செய்யாமலேயே அது 80, 90 டிகிரி என்று ஏறிக்கொண்டே போனால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. பல செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால், கருகிப் போகாமல் தப்பிக்கக் கணினியை அணைத்துவிடும். எல்லாச் செயலிகளுக்கும் முன்பு இந்தப் பாதுகாப்பு இருந்ததில்லை. 2001இல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' வெளியிட்ட ஒளிப்பதிவில், வெப்பம் நீக்கும் உலோகத்தைக் கழற்றியதும் ஏஎம்டி அத்லான் செயலி புகைந்து போனது. இன்டெல் பெந்தியம் 4 வேகம் குறைந்து தப்பித்தது. ஆகவே இன்று கணினி அணைவது சில நேரம் நோயல்ல, தற்காப்பு.

வெப்பத்தின் அடையாளம் தெளிவானது. இருபது நிமிடம் ஓடி அணையும். உடனே தொடக்கினால் ஐந்து நிமிடத்தில் அணையும். ஓய்வு கொடுத்தால் மறுபடி இருபது நிமிடம் ஓடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கலாம். கூடுதல் நேரம் ஓடினால் குற்றவாளி அகப்பட்டான். வருடக்கணக்கில் சேர்ந்த தூசி, நின்றுபோன சிறு விசிறி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்த கணினிக்குள் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுக்கும். செருகியைக் கழற்றிய பிறகே மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். காற்று ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

வெப்பம் இல்லையென்றால் மின்சாரம். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கணினி, லேசர் அச்சுப்பொறி, துணி தேய்க்கும் பெட்டி என்று மாட்டியிருக்கும் வீடுகள் எத்தனை! லேசர் அச்சுப்பொறி சூடேறும் கணத்தில் மின்சாரத்தை மொத்தமாக இழுக்கும். அந்தத் தாழ்வில் பலவீனமான கணினி விழுந்துவிடும். கணினியை மட்டும் தனியாகச் சுவரில் மாட்டிப் பார்க்கக் காசு செலவில்லை.

அப்படியும் அணைந்தால், குறிப்பாக விளையாட்டு போன்ற கனமான வேலை தொடங்கியதும் அணைந்தால், பவர் சப்ளை பெட்டியைச் சந்தேகிக்கலாம். அது தரும் 12 வோல்ட் 11.4க்குக் கீழோ 12.6க்கு மேலோ போகக்கூடாது. எல்லை மீறினால் "மின்சாரம் சரி" என்று மதர்போர்டுக்கு அது அனுப்பும் சமிக்ஞை நிற்கும், எல்லாம் அணையும். இடி மின்னல் மிகுந்த நாட்டில் இந்தப் பெட்டி நாளடைவில் நலிவது வியப்பல்ல. ஆனால் எக்காரணம் கொண்டும் வீட்டில் அதைத் திறக்கக்கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

கடைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வேறு பவர் சப்ளை போட்டுச் சோதித்தீர்களா?" சோதிக்காமல் மதர்போர்டைக் குறை சொல்வது ஊகம். மதர்போர்டின் மின்தேக்கிகள் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் கடைக்காரர் சொல்வது உண்மையாகலாம். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தயாரான ஏராளமான போர்டுகள், மின்தேக்கிகளின் உள்ளிருந்த திரவத்தின் குறையால் அப்படித்தான் கெட்டன.

எல்லாரும் மறந்துவிடும் இன்னொன்று, முன்பக்கப் பொத்தான். நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் கணினி அணையும்படி அமைத்திருக்கிறார்கள். அழுக்கேறிய பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. பொத்தான் சிக்கியதற்காகப் புதுக் கணினி வாங்குவது கொடுமை.

மதர்போர்டு உண்மையிலேயே கெட்டிருந்தாலும், மகளின் இடுபணி பெரும்பாலும் வன்தட்டில் பத்திரமாக இருக்கும். வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம். பழைய கணினியைக் கடையில் விட்டு வருகிறவர்கள், வன்தட்டைக் கழற்றி வாங்கிய பிறகே புறப்பட வேண்டும்.