அறுந்த இழை



தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் வெற்றி பெற்றவர்களைப் பாராட்டுவோர் பலர். குறைந்த மதிப்பெண் பெற்றுத் தலைகுனிந்து நிற்கும் மாணவனோடு பேசுவோர் சிலரே. அவனோடு பேசவே இன்று வந்திருக்கிறேன். அதற்கு எனக்கு உரிமையும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான், 1979ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதத்தில் பெற்றது நூற்றுக்கு 38.

தேர்ச்சிக்கு 35 போதும், ஆகவே தேறிவிட்டேன். ஆயினும் அந்த மதிப்பெண்ணுக்கு மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவு கிடைப்பது அரிது. அந்தப் பிரிவு இல்லையேல் நான் விரும்பிய கல்லூரிப் படிப்பும் இல்லை. மதிப்பெண் பட்டியலை நான்கு நாள் மறைத்து வைத்தேன்.

என் தந்தையார் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்தவர். ஐந்தாம் நாள், தறியில் அமர்ந்தபடியே பட்டியலை வாங்கிப் பார்த்தார். சினப்பார் என்று நடுங்கினேன். அவரோ பாவில் அறுந்திருந்த ஓர் இழையைக் காட்டினார்.

“தம்பி, இழை அறுந்தால் நெய்பவன் அந்த இடத்தைத் தேடி முடிச்சிடுவான். தேடாமல் மேலே நெய்தால் சேலை நெடுகக் கோடு விழும். உனக்கு எங்கே அறுந்தது என்று பார்த்தாயா?” என்று கேட்டார்.

நான் பார்த்ததே இல்லை. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒரே தீர்ப்பாக எழுதி முடித்திருந்தேன்.

அன்றிரவு, பெட்டியில் கிடந்த அரையாண்டுத் தேர்வு விடைத்தாளை எடுத்தேன். அதில் நான் இழந்தவை 58 மதிப்பெண்கள். ஒவ்வொன்றும் எதனால் போயிற்று என்று எழுதினேன். கழித்தல் குறியிலும் பின்னத்திலும் செய்த பிழைகளால் 21. நேரம் போதாமல் தொடாது விட்ட வினாக்களால் 25. உண்மையிலேயே தெரியாதவை 12. கணக்கு வராதவன் என்று என்னை நானே தூற்றியது அந்தப் பன்னிரண்டுக்காகத்தானா என்று வியந்தேன்.

இழை அறுந்தது பத்தாம் வகுப்பில் அன்று, அதற்கு முன்பே. எனவே அடுத்த வீட்டுச் சிறுவனின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாள்தோறும் விடியலில் ஒரு மணி நேரம் பின்னங்களையும் குறிகளையும் போட்டுப் பழகினேன். கை தவறாமல் ஓடத் தொடங்கியதும், போதாதிருந்த நேரமும் தானே மிஞ்சியது.

தலைமை ஆசிரியர் ஒரு நிபந்தனையோடு கணிதப் பிரிவு தந்தார்: காலாண்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது பெற வேண்டும். 54 பெற்றேன். 1981இல் மேல்நிலைப் பொதுத் தேர்வில் கணிதத்தில் 200க்கு 157. பள்ளியில் முதல்வனாகவில்லை, ஆனால் பி.எஸ்சி. கணித வகுப்பில் இடம் கிடைத்தது.

‘இராமானுஜனும் தோற்றவர்தாமே’ என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. உண்மை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், பிற பாடங்களைப் புறக்கணித்து அதை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் குறிப்பேடுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது அந்த உழைப்பே. அவருடைய தோல்வியை மட்டும் நமக்கு உவமையாக்கிக்கொள்வது பொருந்தாது.

இன்றைய மாணவர்களுக்கு வழிகள் பல உள்ளன. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் கணிதத்தை நூறாகவும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் ஐம்பது ஐம்பதாகவும் கொண்டு 200க்குக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கூட்டலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சேருவதில்லை. இடையே இரண்டு முழு ஆண்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்று, பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தவறினால் துணைத் தேர்வு உண்டு. விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறவும் முடியும். அதை மறுமதிப்பீட்டுக்காக மட்டும் வாங்காதீர்கள். இழை அறுந்த இடத்தைக் காண்பதற்காகவும் வாங்குங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். என் தந்தையார் அன்று என்னை அடித்திருந்தால், அடுத்த பட்டியலையும் மறைத்திருப்பேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான். அதற்கு விடை தேடியதில் என் வாழ்க்கை அமைந்தது. உங்கள் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். பிறகு அவன் விடை தேடும்வரை பொறுத்திருங்கள்.