கூட்டத்தின் பின்னால் செல்லும் கால்கள்



"எல்லோரும் போனார்கள், நானும் போனேன்." வாலிபர்கள் நம்மிடம் சொல்லும் பதில்களுள் மிகவும் இலகுவானது இதுதான். தந்தையும் அதைக் கேட்டுவிட்டு மௌனமாகிவிடுகிறார். ஏனெனில் பிள்ளை சிறுவனாக இருந்தபோது, ஊரோடு ஒத்துப் போ என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மக்கள் நன்மை செய்தால் நாமும் செய்வோம், அவர்கள் அநியாயம் செய்தால் நாமும் செய்வோம் என்று பிறர் வாலைப் பிடித்துச் செல்பவர்களாக இருக்க வேண்டாம் எனும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. இந்த எச்சரிக்கையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீமையில் கூட்டத்தைப் பின்தொடர்வது மட்டும் இங்கு குறையாகச் சொல்லப்படவில்லை. நன்மையைக்கூடக் கூட்டம் செய்கிறது என்பதற்காகவே செய்பவனின் நிலையும் இங்கு பேசப்படுகிறது.

நமது மலைநாட்டோடு தொடர்புடைய, ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை உங்கள் சிந்தனைக்கு முன்வைக்க விரும்புகிறேன். அந்த ஆண்டு 2018.

அவ்வாண்டு மார்ச் மாத முற்பகுதியில் கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன பகுதிகளில் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. கையிலிருந்த தொலைபேசியின் வழியே பரவிய வதந்திகளை நம்பி, தமக்கு முன்பின் தெரியாத மனிதர்களின் கடைகளுக்குத் தீ வைக்க வாலிபர்கள் திரண்டார்கள். இது நமக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நேயர்களே, இந்த வரலாற்றின் முதல் பக்கத்தையும் நாம் வாசிக்கத்தான் வேண்டும். அதற்குச் சில தினங்களுக்கு முன்னர், வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். பின்னர் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். தாக்கியதாகக் கைதானவர்கள் முஸ்லிம் வாலிபர் சிலர். ஒருவரின் குற்றத்துக்காக ஊரையே எரிப்பதை எந்த நியாயமும் ஏற்காது. ஆயினும், தனியாக இருந்தால் கைநீட்டத் தயங்கும் ஒருவன், நண்பர்கள் சூழ நிற்கையில் ஏன் துணிகிறான்? "போதும், விடு" என்று சொல்ல ஒருவனாவது அருகில் இருந்தால் சண்டைகள் எங்கே நிற்கும்? இக்கேள்விகளை அந்த ஊர்ப் பெற்றோரிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

அதே ஆண்டின் ஒக்டோபர் 24ஆம் திகதி போயா விடுமுறை நாள். தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் கூட இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ, நுவரெலியா எனப் பல இடங்களிலுள்ள தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் சென்று, கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள், அன்று கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அவர்களையும் தொலைபேசிதான் அழைத்தது. எந்தக் கட்சியும் வாகனம் அனுப்பி ஏற்றி வந்த கூட்டமல்ல அது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை.

அப்போது அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, வரவுக் கொடுப்பனவும் ஊக்குவிப்புக் கொடுப்பனவும் உள்ளிட்ட கொடுப்பனவுகள் சேர்ந்தால் 730 ரூபா. அதுவும் குறித்த அளவு வேலைக்குச் சென்று, குறித்த நிறை கொழுந்து பறித்தவருக்குத்தான். பல தோட்டங்களில் 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையிலும் குளிரிலும் அட்டைக் கடியிலும் நாள் முழுதும் நின்றவருக்கு, தராசின் முன்னே அரைநாள் மட்டுமே கணக்கில் ஏறும். தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன்னர் கூலியைக் கொடுத்துவிடும்படி கற்பிக்கப்பட்ட நமக்கு இந்தக் கணக்கு உறுத்த வேண்டும். தொழிற்சங்கங்கள் சிலவும் கம்பனிகளின் தரப்பும் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மேசையில் அமர்ந்து இந்தத் தொகையைத் தீர்மானித்து வந்தன. அந்த மேசையில் இப்பிள்ளைகளுக்கு நாற்காலி இல்லை.

கறுப்பு உடையில் கூடியவர்களும் ஒரு கூட்டம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். கிடைத்த ஒரு விடுமுறையை விட்டுக்கொடுத்து, தனக்குக் கிடைக்காத சம்பளத்துக்காக ஒவ்வொருவனும் தன் செலவில் வந்தான். யாருடைய கடையும் எரியவில்லை. தன் முகத்தையும் எவரும் மறைத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையே வெற்றி கிடைத்துவிட்டதாக நான் கதை சொல்லப் போவதில்லை. 2019 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவாக மட்டுமே உயர்த்தியது. 1,000 ரூபா என்பது 2021 மார்ச்சில், கூட்டு ஒப்பந்தத்தின் மூலமன்றி, சம்பளச் சபையின் தீர்மானத்தால்தான் வந்தது. வந்த பின்னரும் பறிக்க வேண்டிய நிறையைக் கூட்டினார்கள், வேலை நாட்களைக் குறைத்தார்கள் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது அந்த 1,000 ரூபாவில் வாங்கக் கூடியது சுருங்கிப் போயிற்று. பொறுப்பேற்பது என்றால், இத்தனையும் ஆன பிறகும் விட்டுவிடாமல் இருப்பதுதான்.

"அது தோட்டத்துச் சனங்களின் பிரச்சினை, நமக்கென்ன?" என்று நமது வீடுகளில் பேசப்படுவதுண்டு. சகோதரர்களே, 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது அதன் இணைச் செயலாளர்களுள் ஒருவராக இருந்தவர் அப்துல் அஸீஸ். பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். 1950களில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உருவாக்கி வழிநடத்தினார். லயங்களில் வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுடைய கூலிக்காகவும் பிரஜாவுரிமைக்காகவும் ஒரு முஸ்லிம் தம் வாழ்நாளைச் செலவிட்டார். தோட்ட முகப்பில் துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாதிருந்த காலம் அது. அவர் யாருடைய வாலைப் பிடித்து அங்கே போனார்?

பெற்றோரே, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள நமது கடைகளின் வியாபாரம் பெரும்பாலும் அந்தச் சம்பள நாளை நம்பியே நடக்கிறது. கடன் கொப்பியில் பெயர் எழுதப்பட்டிருக்கும் தாய், மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதைத் தன் பற்றுக் கணக்கிலேயே சொல்லிவிடுகிறார். கல்லாவில் அமர்ந்திருக்கும் உங்கள் மகனுக்கு அந்தக் கொப்பியில் உள்ள தொகை தெரியும். அந்தத் தொகை எப்படி உண்டாகிறது என்பது தெரியுமா? உயர்தரத்தில் கணக்கியல் கற்கும் பிள்ளை அவன். அடுத்த சம்பள நாளில் அந்தத் தாய் தமது சம்பளத் துண்டை நீட்டி விளக்கம் கேட்டால், அவசரப்படாமல் அவரை ஓர் இருக்கையில் அமரச் செய்யட்டும். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், என்னென்ன கழிவுகள் என்று ஒவ்வொரு வரியாக அவருக்கு வாசித்துச் சொல்லட்டும். வரிசையில் நிற்கும் மற்ற வாடிக்கையாளர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்வார்கள்.