எழுதும் கையும் தட்டும் விரலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்துவரும் இவ்வட்டத்தில் என்னைப் பேசப் பணித்தபோது, சங்கப் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் என் வகுப்பறையிலிருந்து ஒரு வழக்கைக் கொண்டு வந்திருக்கிறேன். அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவளும் நானே.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு விதி செய்தேன். கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ குறிப்பெடுக்கக் கூடாது. தாளும் பேனாவும் மட்டுமே. மறுநாள் முதல் எல்லோரும் குறிப்பேடு கொண்டு வந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் கைகட்டி அமர்ந்திருந்தான். இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை நான் அலட்சியம் என்று கொண்டு, வகுப்பிலேயே கடிந்தும் பேசினேன். பிறகு ஒருநாள் தனியே வந்து வலக்கையை நீட்டிக் காட்டினான். பேனாவைப் பிடித்ததும் விரல்கள் நடுங்கின. மேல்நிலைப் பள்ளி நாளிலிருந்தே குறிப்புகளைத் தட்டச்சில்தான் எடுத்து வந்திருக்கிறான். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே, அம்மா” என்றான்.

நான் அவ்வளவு உறுதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மடிக்கணினியில் குறிப்பெடுப்போர் மிகுதியாக எழுதுகின்றனர். ஆனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிடுகின்றனர். கருத்தைச் சோதிக்கும் வினாக்களில் கையால் எழுதியோரை விடப் பின்தங்குகின்றனர் என்பது அதன் முடிவு. மெதுவாக ஓடும் கை எதை விடுவது, எதைக் கொள்வது என்று மனத்தைக் கேட்டுக்கொண்டே ஓடுகிறது என்று நானும் மகிழ்ந்தேன். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. இதை நான் விதி செய்வதற்கு முன் படித்திருக்க வேண்டும். செய்த பிறகே படித்தேன்.

ஆய்வுகள் கிடக்கட்டும். நம் காவிரிக் கரையில் இதைவிடப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார் உத்தமதானபுரத்துச் சாமிநாதர். பின் திருவாவடுதுறையிலும் ஆசிரியரைப் பிரியாது கற்றார். 1876இல் பிள்ளையவர்கள் மறையும்வரை அத்தொடர்பு நீடித்தது. ஆசிரியர் பாடலை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

ஓலையில் எழுதுவது தாளில் எழுதுவது போன்றதன்று. இடக்கையில் ஓலை, அக்கையின் பெருவிரல் எழுத்தாணிக்குத் தாங்கல், எழுத எழுத ஓலைதான் நகர்ந்து கொடுக்க வேண்டும். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றே. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும்.

இங்கேதான் என் வாதம் எனக்கே இடறியது. இம்மாணாக்கரும் கேட்டதைக் கேட்டபடியே எழுதியவர்கள்தாமே? ஒரு சொல்லையும் விட அவர்களுக்கு உரிமை இல்லை. அந்த ஆய்வு சொல்வது முழு உண்மையானால், அவர்கள் வெறும் எழுத்தராகவே நின்றிருக்க வேண்டும். ஆனால் அவர்களுள் ஒருவர்தாம் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார்.

இதற்கு விடை ஓலையிலேயே இருக்கிறது என்று எண்ணுகிறேன். யாப்பு அறியாதவன் அந்த வேகத்தில் எழுத முடியாது. சீர் எங்கே பிரிகிறது, எதுகை எந்த எழுத்தில் நிற்கிறது என்று காது அறிந்திருந்தால்தான் அடுத்த அடியின் முதற்சீரைக் கை தயங்காமல் எழுதும். எழுதியதைத் திரும்பப் படிக்கவும் புலமை வேண்டும். புள்ளியும் குறில் நெடில் வேறுபாடும் இல்லாத வரியைப் பொருள் தெரிந்தவனே வாசிக்க முடியும். விரைவாக எழுத வேண்டுமானால் முதலில் விளங்கிக்கொண்டாக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. விசைப்பலகையில் அந்த நெருக்கடி இல்லை. என் மாணவர்களுக்கு நான் கைப்பேசியைத் தடுத்தேனேயன்றி, அந்த நெருக்கடியைத் தரவில்லை. பேனாவால் எழுதிய பலருடைய குறிப்பேடுகளையும் வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையில் நான் எழுதியது மட்டுமே அவற்றில் இருந்தது.

கையெழுத்து என்றாலே உயர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. நம் தஞ்சை மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களைப் பாருங்கள். கையை எடுக்காமல் விரைந்து எழுதுவதற்கென்றே அமைந்த எழுத்து மோடி. அரண்மனைக் கணக்கர்கள் கட்டுக் கட்டாக எழுதிவைத்தார்கள். இன்று அவற்றைப் படிக்க வல்லோர் மிகச் சிலரே. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டதால் நம்போன்றோர் ஏதோ அறிகிறோம்.

தட்டச்சின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இலக்கணம் கற்பிப்பவளுக்கு இது நாணத்தையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்தது. ‘கொ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு இடுகிறோம், பிறகு ககரம், பிறகு கால். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் அதே வரிசைதான். ஆனால் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் முதலில் ககரத்தைத் தட்டி, அடுத்து ஒகரத்தைத் தட்ட வேண்டும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம். அவ்வகையில் விசைப்பலகை நம் பேனாவைவிடத் தொல்காப்பியருக்கு நெருங்கியது!

ஆயினும் நம் பிள்ளைகளில் பலர் அப்பலகையைத் தொடுவதில்லை. ஆங்கில எழுத்தில் ‘வி, ஏ, எல், ஐ’ என்று தட்டுகிறார்கள். திரை வலி, வழி, வளி என்று வரிசையாகக் காட்டுகிறது. முதலில் வருவதைத் தொட்டுவிட்டு மேலே போகிறார்கள். ‘தலைவன் சென்ற வலி’ என்று ஒரு குறிப்பில் படித்தேன். கவிஞர்கள் இதையும் ஒரு நயமாகக் கொள்ளக்கூடும். தேர்வுத்தாளில் என்னால் கொள்ள இயலவில்லை. நாவும் கையும் சேர்ந்து பழகிய ழகரத்தைத் திரையின் பட்டியலிலிருந்து பொறுக்கும் நிலை வந்தால், அந்த ஒலி நாவிலும் நெடுநாள் நில்லாது என்பது என் அச்சம். எனக்குக் கணினி பகையன்று. என் கவலையெல்லாம் இந்த ஓரிடத்தில்தான்.

விதியைத் திரும்பப் பெற்ற நாளில் வகுப்பிலேயே இதைப் பேசவிட்டேன். ஒரத்தநாட்டுப் பக்கத்து உழவர் மகள் ஒருத்தி எழுந்தாள். “அம்மா, எங்கள் வீட்டில் நாற்று விட்டுப் பறித்தும் நடுகிறோம், ஆள் கிடைக்காத ஆண்டில் நேரடியாகவும் விதைக்கிறோம். இரண்டிலும் விளையத்தான் செய்கிறது. நேரடி விதைப்பில் களைதான் கூடுதல், எடுக்காமல் விட்டால் பயிரை அமுக்கிவிடும்” என்றாள். முனைவர் பட்ட ஆய்வேட்டில் நான் எழுதிய எந்தப் பத்தியும் இவ்வளவு தெளிவாக இல்லை.

இப்போது என் வகுப்பில் அவரவர் விரும்பியதில் குறிப்பெடுக்கலாம். கண்ணாடித் திரைமேல் எழுதும் கோல் வைத்திருப்போரும் உண்டு. எழுத்தாணி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் ஏடு, கணினி எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். கேட்டதைத் தம் சொல்லில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கை நடுங்கும் அந்த மாணவன் என் மேசையருகே வந்து வாயால் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். அவன் சொல்லும் வேகத்துக்கு என் கை ஓடாத நாள்களும் உண்டு.

சென்ற பருவத்தில் உ.வே.சா. பற்றிய பாடம் முடிந்த அன்று, அவன் எதையும் சொல்லத் தொடங்காமல் தன் மடிக்கணினியைத் திறந்து என்முன் திருப்பினான். நான் பேசியது சொல் பிசகாமல் இருந்தது, என் இருமலைத் தவிர. ஒரு வரியைச் சுட்டினான். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தது 1890இல் என்று நான் சொல்லியிருந்தேன். 1880 என்பதே சரி. பேனாவால் எழுதியோர் ஒருவர் ஏட்டிலும் அந்த ஆண்டே இல்லை. மறுநாள் வகுப்புக்குப் போனதும் முதல் வேலையாகக் கரும்பலகையில் 1880 என்று எழுதினேன்.