உச்சந்தலை மறுவும் அதில் எழும் கட்டிகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



விழா மேடையிலே தோல் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கதிர்காமத்திலே பிள்ளைக்கு முடியிறக்கும் வழக்கமுள்ள நமக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. மொட்டையடித்த தலையில் சில வேளை காசளவில், மஞ்சள் நிறமாய், முடி முளைக்காத ஒரு திட்டு தென்படும். உடனே பாட்டிமார் கூடி, தாய் கிரகணத்தில் வெளியே போனாளா, எதையாவது கண்டு பயந்தாளா என்று விசாரணை தொடங்கிவிடுவார்கள். குற்றவாளி எப்போதும் தாய்தான். தகப்பனை விசாரித்தவரை நாம் கண்டதில்லை.

உண்மை யாதெனில், இதில் இருவர் மேலும் குற்றமில்லை. இம்மறுவை 1895ஆம் ஆண்டில் யடாசோன் என்னும் ஜெர்மன் தோல் வைத்தியர் விவரித்தார். இதன் பெயர் நீவஸ் செபேசியஸ். ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய மூவருக்கு இது உண்டு. கரு வளரும்போது ஏதோ ஒரு கலத்தின் மரபணுவில் மாற்றம் நேர்கிறது. அக்கலத்தின் வழிவந்த தோல் மட்டும் வேறுவிதமாய் அமைந்துவிடுகிறது. ராஸ் எனப்படும் மரபணுக்களில் அம்மாற்றம் இருப்பதை 2012இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஆகவே இது தொற்றாது. பரம்பரையாக வருவதும் மிக அரிது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை.

சிறுபிராயத்தில் மறு தட்டையாய்ச் சும்மா கிடக்கும். பருவமடையும் காலத்தில், உடம்பில் ஊறும் ஹோர்மோன்களால் அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பருத்து, திட்டு தடித்துச் சொரசொரப்பாகும். நம் வாலிபர்கள் சிலர் சீப்புப் படும்போது இதனை முதன்முதலில் உணர்ந்து அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் வயது வந்த பின்னரே இதற்குள் தனிக் கட்டிகள் எழுகின்றன. அவற்றில் இரண்டைச் சொல்வோம். ஒன்று சிரிங்கோசிஸ்டடினோமா பாப்பிலிஃபெரம். பெயர்தான் பயங்கரம், கட்டி சாதுவானது. செந்நிறமாய், ஈரமாய், நீர் கசிந்து பொருக்குக் கட்டும். மற்றது ட்ரைக்கோபிளாஸ்டோமா. மயிர்க்கால் சம்பந்தமான கலங்களிலிருந்து மெல்ல வளரும் சிறு முண்டு. சில வேளை கறுத்திருக்கும்.

இவ்விடத்தில்தான் நம் தோட்டங்களின் விஷயம் வருகிறது. பசறையிலும் மடுல்சீமையிலும் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளுக்குக் கூடையின் பாரம் தலைமேல் போடும் கயிற்றில்தானே தொங்குகிறது? அக்கயிறு முண்டின் மேல் உரசினால் புண்ணாகி இரத்தம் கசியும். வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் பேர் போகும், ஆதலால் சுண்ணாம்பு வைப்பார்கள், நூலால் இறுக்கிக் கட்டுவார்கள், சவரக் கத்தியால் சீவுவதும் உண்டு. இவற்றால் மேலே தெரிவது போகலாம். தோலின் ஆழத்தில் உள்ளது அப்படியே இருக்கும். அதிலும் பெரிய நஷ்டம், வெட்டியெறிந்த துண்டு இன்னதென்று எவருக்கும் தெரியாமற் போவது.

ஏனெனில் சாதுவான கட்டியும் புற்றுநோயும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றக்கூடும். நுண்பெருக்கி வைத்துப் பார்த்த நிபுணர்களே முன்னாளில் ட்ரைக்கோபிளாஸ்டோமாவைப் புற்றுநோயெனக் கணக்கிட்டதுண்டு. இதனால் இம்மறு உள்ளவர்களிற் பலருக்குப் புற்றுநோய் வருமென்ற அச்சம் பரவிற்று. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர வைத்தியர்கள் 596 மறுக்களை ஆராய்ந்தபோது சாதுவான கட்டிகள் 13.6 வீதத்திலும், அடித்தளக் கலப் புற்றுநோய் 0.8 வீதத்திலும் மட்டுமே இருந்தன. அஞ்சவேண்டியது குறைவு, ஆனால் அந்தச் சிறு பங்கு எதுவென்று தோட்டத்து டிஸ்பென்சரியிலே நின்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே பிள்ளைக்கு மறு இருக்கிறதென்று ஓடிப்போய் வெட்ட வேண்டியதில்லை. பருவம் வரும்வரை பார்த்திருக்கலாம். முகம்வரை நீண்ட பெரிய மறுவோடு வலிப்பும் வந்தால் மட்டும் தாமதிக்கலாகாது. வளர்ந்தவர்க்கு மறுவில் புதிய முண்டு எழுந்தாலோ, ஆறாத புண் உண்டானாலோ, அடிக்கடி இரத்தம் வந்தாலோ பதுளைப் பெரிய வைத்தியசாலைக்குச் சென்று காட்டுக. சிறிய மறுவாயின் அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்து, தோலின் முழு ஆழத்துக்கும் வெட்டித் தைப்பார்கள். ஒரு கோடுபோல் தழும்பு நிற்கும். அக்கோட்டில் முடி வராது, கொண்டைக்குள் மறைந்துவிடும்.

கலியாணப் பேச்சில் இம்மறுவைக் குறையாகச் சொல்லிப் பெண்ணைத் தட்டிக்கழிப்பது நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதற்கஞ்சி மறைத்து வைப்பதாலேயே கட்டி வளர்ந்தபின் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள், ஆகையால் இதை உரக்கவே சொல்கிறோம்.

கடைசியாக, வெட்டியெடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறதா என்று மரியாதையோடு கேளுங்கள். தையல் பிரித்தாயிற்று, புண் ஆறிற்று என்று மலைக்குத் திரும்பிவிடாமல், முடிவு எழுதிய கடதாசி எப்போது வருமென்று திகதி கேட்டு, அன்று போய் வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக நம் சங்கத்து வாலிபர் ஒருவர் கூடப் போகலாம்.